கண்ணடித்த விளக்கும் ஊசி நுழைந்த ஓட்டையும்

வண்டி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வந்த மினி லாரி, பிஎஸ்6 புகை விதிப்படி வந்தது. ஓட்டம்: 1,18,000 கிலோமீட்டர் சொச்சம். வேலை: குளச்சலிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை சந்தைகளுக்கு மீன் ஏற்றுவது. புகார்: செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை.

தக்கலையில் இருக்கும் என் பட்டறையின் ஜாப் கார்டில் அன்று எழுதியது இவ்வளவுதான். மே மாதம் நடுவில். கார்டில் மினி லாரி என்று எழுதினாலும் இந்தப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டெம்போதான். ஓட்டிவந்த பையனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வண்டி அவன் சொந்த வண்டி, தவணை இன்னும் ஓடுகிறது. எனக்குத் தெரிந்தவன்தான். எட்டு மாதம் முன்பு ஒரு ஸ்டார்ட்டிங் கோளாறுக்காக இதே வண்டியை இங்கே கொண்டுவந்திருக்கிறான். அந்த விஷயம் பிறகு வரும்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல லைட்டு கண்ணடிக்குது. வண்டி இழுக்க மாட்டேங்கு. பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, பின்னயும் அதே கததான்."

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுநரைப் பேசவிடுவது என் பழக்கம். ஸ்கேனர் எங்கேயும் போய்விடாது. ஓட்டுநருக்கோ பத்து நிமிடம் கழிந்தால் டீக்கடை ஞாபகம் வந்துவிடும். எப்போது மினுக்குகிறது? லோடு ஏற்றிய பிறகு. எங்கே? திங்கள்சந்தை தாண்டி வரும் ஏற்றங்களில், அப்புறம் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது. சமதரையில்? மினுக்கல் நின்று விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். காலி வண்டியில் திரும்பும்போது? ஒன்றும் தெரியாது, சில நாள் விளக்கே அணைந்துவிடும். சிஎன்ஜியிலா பெட்ரோலிலா? இரண்டிலும் உண்டு, சிஎன்ஜியில் அதிகம். எத்தனை நாளாக? இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் கொஞ்சம் யோசித்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏப்ரல் 17 வாக்கில் முதல்முறை மினுக்கியிருக்கிறது. ஐந்து நாள் அப்படியே ஓட்டிவிட்டு வேறொரு பட்டறையில் விட்டிருக்கிறான். அங்கே நான்கு பிளக்கும், மூன்றாம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலும் புதிதாகப் போட்டார்கள். ஒன்பது நாள் வண்டி நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் மினுக்கல், அதோடு பன்னிரண்டு நாள். ஆக மொத்தம் பதினேழு நாள் மினுக்கும் விளக்கோடு மீன் ஏற்றியிருக்கிறான்.

ஏன் நிறுத்தவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மேற்கே குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1 தொடங்கி ஜூலை 31 வரை. அதனால் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை மீன் வேண்டும் என்கிறவர்கள் எல்லாம் மேற்குத் துறைமுகங்களைத்தான் பார்ப்பார்கள். டெம்போக்காரனுக்கு அந்த ஆறு வாரம்தான் அறுவடை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஏப்ரல் 17 என்றால் கிழக்கில் தடை தொடங்கிய மூன்றாம் நாள். அன்றுமுதல் அவன் பெட்டிகளைக் கூடுதலாக அடுக்க ஆரம்பித்திருக்கிறான். கோளாறு அன்றைக்குப் பிறந்ததில்லை, கூடின லோடு அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

எரிவதும் மினுக்குவதும்

இந்த விளக்கு சும்மா எரிந்தால் ஒரு பொருள், மினுக்கினால் வேறு பொருள். பாதி ஓட்டுநர்களுக்கு இது தெரியாது. மெக்கானிக்குகளிலும் சிலருக்குத் தெரியாது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். நிலையாக எரிந்தால், புகை சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று சரியில்லை, சீக்கிரம் காட்டு என்று அர்த்தம். பெட்ரோல் வண்டியில் மினுக்கினால் இந்த நிமிடம் எஞ்சினில் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுகிறது, அது சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரைக் கெடுக்கிற அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை விடு, லோடைக் குறை, முடிந்தால் ஓரங்கட்டு என்கிறது.

காரணம் எளிது. ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்றால் அங்கே போன எரிபொருளும் காற்றும் எரியாமல் அப்படியே வெளியே வரும். வந்து சூடான கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி நுணுக்கமான துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, மேலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகப் பூச்சு. வழக்கமாக அது 400 முதல் 800 டிகிரி சூட்டில் வேலை செய்யும். எரியாத எரிபொருள் அங்கே போய்ப் பற்றினால் சூடு ஆயிரத்தைத் தாண்டும். தொடர்ந்தால் பீங்கான் உருகித் துளைகள் அடைபடும்.

எஞ்சினுக்கு மிஸ்ஸிங் எப்படித் தெரிகிறது என்று என் பட்டறைப் பையன் கேட்டான். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைக் கவனிக்கும் சென்சார்தான் கண்டுபிடிக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் அரைச் சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டர் எரிந்து அதைத் தள்ளிவிடும். ஒன்று எரியாவிட்டால் அந்த அரைச் சுற்றில் கிராங்க் இம்மி அளவு மெதுவாகும். கம்ப்யூட்டர் பல்சக்கரத்தின் பற்களை எண்ணிக்கொண்டே இருப்பதால் யார் தள்ளவில்லை என்று பெயர் சொல்லிவிடும். நான்கு பேர் வள்ளம் தள்ளும்போது ஒருவன் சும்மா கையை மட்டும் வைத்திருந்தால் மற்ற மூன்று பேருக்கும் தெரியாதா, அது மாதிரி.

சரி, ஸ்கேனர்

மூன்று கோளாறு எண்கள், பட்டறை மொழியில் கோடு. பி0303, மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0300, பொதுவான மிஸ்ஸிங். இன்னும் உறுதியாகாமல் காத்திருப்பில் பி0420, கன்வெர்ட்டர் திறன் குறைவு. கோளாறு பதிவான நேரத்தில் எடுத்துவைத்த விவரம்: வேகம் 31, எஞ்சின் 2,640 சுற்று, லோடு 91 சதவீதம், கூலன்ட் சூடு 92 டிகிரி. மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் திணறியபடி ஏறும் வண்டி கண்முன் வந்தது. அந்தச் சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 22 முறை எரிய வேண்டும்.

பி0420ஐ அப்போதே ஒரு காகிதத்தில் தனியாக எழுதி வைத்தேன். அதற்கு இப்போது மருந்து கிடையாது. மிஸ்ஸிங்கை நிறுத்தாமல் கன்வெர்ட்டரைப் பேசுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற வேலை.

அடுத்து எரிபொருள் திருத்தம். கம்ப்யூட்டர் 14 சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தது. பட்டறைப் பையன் உடனே, "எரிபொருள் கம்மி, லீனா ஓடுது, சிஎன்ஜி ரெகுலேட்டராத்தான் இருக்கும்" என்றான். நல்ல ஊகம்தான், ஆனால் இந்த இடத்தில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய. ஆக்சிஜன் சென்சாருக்கு எரிபொருளைப் பார்க்கத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும். எரியாத சிலிண்டரிலிருந்து எரிபொருளோடு சேர்ந்து ஆக்சிஜனும் மிச்சமாக வெளியே வருகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு, எரிபொருள் போதவில்லை என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. மிஸ்ஸிங் இருக்கிறவரை இந்த எண்ணை நம்பக் கூடாது.

இரண்டு எரிபொருளில் ஓடும் வண்டியில் மெக்கானிக்குக்கு இலவசமாக ஒரு சோதனை கிடைக்கிறது. பெட்ரோலுக்குத் தனி இன்ஜெக்டர், சிஎன்ஜிக்குத் தனி இன்ஜெக்டர். மிஸ்ஸிங் இரண்டிலும் மூன்றாம் சிலிண்டரிலேயே வருகிறது என்றால், இரண்டு இன்ஜெக்டரும் ஒரே சிலிண்டரில் ஒரே வாரத்தில் கெட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு யோகம் லாட்டரியில் அடிக்கலாம், டெம்போவில் அடிக்காது. எனவே எரிபொருள் பக்கத்தை மூடிவிட்டேன். மிச்சம் இருப்பது பொறி, அல்லது கம்ப்ரஷன் என்கிற சிலிண்டர் அழுத்தம்.

கம்ப்ரஷன் பத்து நிமிட வேலை: 172, 170, 168, 172 பிஎஸ்ஐ. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிளக் கழற்றினேன். மூன்றாவது மட்டும் கரி பிடித்திருந்தது, மற்றவை வெளிறிய தவிட்டு நிறம். இருபத்தோரு நாள் பழைய பிளக் கரி பிடித்தால் அது பிளக்கின் குற்றமில்லை. மூன்றாம் காயிலையும் ஒன்றாம் காயிலையும் இடம் மாற்றிவிட்டு, பக்கத்துக் கடையில் இருபது மூட்டை சிமெண்ட் கடன் வாங்கி ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் போனோம். கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "மீன் நாத்தம் மூட்டைல கேறிச்சுன்னா யாருவே வாங்குவா?" என்றார். மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. மிஸ்ஸிங் எண்ணிக்கை இன்னும் மூன்றாம் சிலிண்டரில்தான். காயில் இடம் மாறியும் கோளாறு இடம் மாறவில்லை.

ஆக காயில் நல்ல காயில். அதற்கு முன்பு கழற்றிய பழைய காயிலும் நல்ல காயில்தான் என்று பட்டது. அதை அவன் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான். மாட்டிப் பார்த்தேன், அதே கதை.

அப்படியானால் அந்தப் பட்டறையில் வேலை முடிந்த பிறகு ஒன்பது நாள் வண்டி எப்படி நன்றாக ஓடியது? இதை நான் கொஞ்ச நேரம் மனதில் போட்டு உருட்டினேன். ஓடியதற்குக் காரணம் புதுக் காயில் அல்ல, புது பிளக். பிளக் தேயத் தேய முனைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். இடைவெளி கூடக்கூட பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினாலும் அப்படித்தான். அதனால்தான் லோடு ஏற்றினால் மிஸ்ஸிங், காலியாக வந்தால் ஒன்றுமில்லை. சிஎன்ஜிக்கு பெட்ரோலைவிட வலுவான பொறி வேண்டும். அதனால்தான் சிஎன்ஜியில் அதிகம். புதுப் பிளக்கின் குறுகின இடைவெளியில் நோஞ்சான் பொறி ஒன்பது நாள் எப்படியோ தாண்டியிருக்கிறது. அதற்குள் உள்ளே இருந்த நோய் இன்னும் முற்றிவிட்டது.

பொறி நோஞ்சான். காயிலும் பிளக்கும் குற்றமற்றவை. மிச்சம் வயர்.

பல்பு சொன்ன சாட்சி

இந்த மாடலில் காயிலில் செருகும் இணைப்பான கப்ளருக்கு மூன்று வயர்: சப்ளை, எர்த், கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிக்னல். சாவியைப் போட்டு மல்டிமீட்டரை வைத்தேன். 12.3 வோல்ட். பேட்டரியில் இருப்பது அப்படியே வருகிறது. இங்கே பெரும்பாலோர் மீட்டரை மடக்கி வைத்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

மல்டிமீட்டர் கரண்ட் இழுக்காது. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் முழு வோல்ட் காட்டும். குழாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தம் பார்ப்பது மாதிரி. தண்ணீர் வருகிறதா என்று தெரிய வேண்டுமானால் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு போதும். பல்பை அந்தக் கப்ளரின் சப்ளைக்கும் எர்த்துக்கும் குறுக்கே மாட்டினேன். மூன்றாம் கப்ளரில் பல்பு மங்கலாக எரிந்தது. ஒன்றாம் கப்ளரில் பளிச்சென்று. மீட்டரில் பார்த்தால் பல்புக்குக் கிடைப்பது வெறும் 9.6.

காணாமல் போன 2.7 வோல்ட் எங்கே? பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கப்ளர் வரை அளந்தால் 0.1. கப்ளர் எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரை அளந்தால் 2.6. எர்த் பக்கம் 0.1க்கு மேல் போகவே கூடாது. ஒன்றரை ஓமுக்கு மேல் எதிர்ப்பு அந்த வயருக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. காயிலின் முதல் சுற்றுக்கே ஒரு ஓம்கூட இருக்காது, அதன் முன்னால் இது மலை. காயிலுக்குப் போகும் கரண்ட் பாதியாகக் குறைந்தால் பொறியின் சக்தி கால் பங்காகிவிடும்.

வயரைப் பின்தொடர்ந்தேன். எஞ்சின் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில். காயில் வயர்கள் அங்கிருந்து கிளம்பி, கேபினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு வளைவு எடுத்துத்தான் போகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் வயர்க் கட்டு முழுக்க வெள்ளை உப்பு படிந்திருந்தது. மேலே பார்த்தேன். மீன் பாடியின் முன்மூலையில் வெல்டிங் விட்டிருக்கிறது. ஐஸ் உருகி வரும் தண்ணீர் வடிகுழாய் வழியாகப் பின்னால் போக வேண்டியது. வண்டி இறக்கத்தில் போகும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் முன்னால் ஓடிவந்து அந்த மூலையில் சொட்டுகிறது. சாளை மீன் கிடந்த ஐஸ் தண்ணீர், உப்பும் மீன் ரத்தமும் சேர்ந்தது. ரோட்டில் விழுந்தால் பின்னால் பைக்கில் வருகிறவன் சண்டைக்கு வருவான். வயரில் விழுந்தால் சத்தமே இருக்காது.

ஆனால் வெறுமனே தண்ணீர் சொட்டினால் வயர் கெடாது. மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே. டேப்பைப் பிரித்தேன். மூன்றாம் காயிலின் எர்த் வயர்தான் கட்டின் அடியில், தண்ணீர் திரண்டு தொங்கும் இடத்தில் இருந்தது. உறையை விரலால் வருடியபோது ஒரு இடத்தில் புடைப்பு. புடைப்பின் நடுவே குண்டூசி முனை அளவு ஓட்டை. வெட்டிப் பிளந்தால் செம்பு இல்லை, பச்சைக் களிம்புதான். இரண்டு மூன்று இழைகள் மட்டும் உயிரோடு இருந்தன. ஓட்டை வழியாக உள்ளே போன உப்புத் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி செம்பு இழைகளுக்குள் ஏறி, இரண்டு பக்கமும் நாலு நாலு விரற்கடை தூரம் களிம்பாக்கியிருந்தது.

பக்கத்து வயரைப் பார்த்தேன். அதிலும் ஒரு ஓட்டை. அடுத்ததிலும். நான்கு காயில்களின் எர்த் வயரிலும், ஒரே வரிசையில், ஒரே அளவில்.

அந்த வரிசையைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ புரண்டது. ஷெல்ஃபில் பழைய ஜாப் கார்டுகளைத் தேடினேன். எட்டு மாதம் முன்பு, செப்டம்பர், இதே வண்டி, ஸ்டார்ட்டிங் கோளாறு. என் கையெழுத்தில்: "காயில் சப்ளை சரி, எர்த் சரி." சரியா என்று எப்படிப் பார்த்தேன்? டெஸ்ட் லேம்பின் ஊசியால் வயரைக் குத்தித்தான். கப்ளரில் பார்ப்பதென்றால் சீட்டைக் கழற்ற வேண்டும், கால் மணி நேரம் ஆகும். கேபினுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் வயர் இருந்தது, வரிசையாக நாலு குத்து. வேலை முடிந்ததும் ஓட்டைகளை அடைக்கவில்லை. அன்றைய கோளாறு கடைசியில் பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தது. குத்தியிருக்கவே வேண்டாம்.

நடுவே வேலை பார்த்த பட்டறைக்காரர் இந்த இடத்தைத் தொடவேயில்லை. மேலே காயிலையும் பிளக்கையும் மாற்றியதோடு சரி. அத்தனை களிம்பு மூன்று வாரத்தில் சேராது. ஓட்டை என்னுடையதுதான்.

பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடலோரத்து வண்டியில் வயரைக் குத்தாதீர்கள். கப்ளரின் பின்புறம் ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய முனையை நுழைத்துப் பார்க்கலாம், அதற்கென்று வளைந்த பின்கள் கடையில் கிடைக்கின்றன. குத்தியே தீர வேண்டுமென்றால் குத்திய இடத்தை அடைத்துவிட்டு எழுந்திருங்கள். கடலை விட்டுத் தள்ளி, திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ரப்பர் ஏற்றும் வண்டியில் இந்த ஓட்டை பத்து வருடம் சும்மா கிடந்திருக்கலாம். குளச்சல் வண்டியில் எட்டு மாதம்தான்.

சரிசெய்த விதத்தை நீட்டவில்லை. நான்கு வயரிலும் பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி எடுத்தேன். அதே கனத்தில் புது வயர் சேர்த்து கிரிம்ப் செய்து, உள்ளே பசை வைத்த ஸ்லீவைச் சூடாக்கி இறுக்கினேன். கட்டை மேலே தூக்கி வேறு பாதையில் கிளிப் போட்டேன். பாடியின் மூலைக்கு வெல்டிங், வடிகுழாய்க்கு சேசிஸ் தாண்டும் வரை நீள ஹோஸ். பல்புச் சோதனையில் எர்த் பக்கம் 0.06.

விளக்கு நின்றது, இழுவை வரவில்லை

மறுபடி சிமெண்ட் மூட்டை, மறுபடி மார்த்தாண்டம். மிஸ்ஸிங் எண்ணிக்கை நான்கிலும் பூஜ்யம். விளக்கு மினுக்கவில்லை. பட்டறைப் பையன் கைதட்டினான். ஆனால் மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் வண்டி 40ஐத் தாண்டவில்லை. நடுங்காமல், திக்காமல், ஒரே சீராக, யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி.

இது வேறு வகை இழுவைக் குறைவு. முன்பு மூன்று சிலிண்டரில் உதறிக்கொண்டு ஏறியது. இப்போது நான்கிலும் அமைதியாக ஓடி, மேலே போக மறுக்கிறது. எரிபொருள் திருத்தம் இரண்டு சதவீதத்துக்குள் வந்துவிட்டது, ஆக எரிபொருள் குறைவில்லை. முழு ஆக்சிலரேட்டரில் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாக வந்தது, ஆக காற்று நுழையும் வழியில் அடைப்பில்லை. உள்ளே போகிறது, எரிகிறது. வெளியே போகிற வழிதான் மிச்சம். ஒதுக்கி வைத்த பி0420 காகிதத்தை எடுத்தேன்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினேன். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐ. 2,500 சுற்றுக்கு ஏற்றினால் 5.5. நல்ல வண்டியில் அந்தச் சுற்றில் மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஆறவிட்டு ரப்பர் சுத்தியால் கன்வெர்ட்டரைத் தட்டினால் உள்ளே ஓடு உடைந்த மாதிரி கலகலத்தது. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். தேன்கூட்டின் நடுப்பகுதி உருகி, கருப்பட்டிப் பாகு இறுகின மாதிரி ஒரு கட்டி. பதினேழு நாள் மினுக்கல் அதற்குள் இருந்தது.

டெம்போக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். புது கன்வெர்ட்டர் 32,000 ரூபாய் என்றதும் முகம் வாடிவிட்டது.

"உள்ள கெடக்கதத் தட்டிக் கொட்டிட்டு வெறும் டப்பாவ மாட்டிவிடுங்க அண்ணாச்சி. எல்லாரும் அப்படித்தான செய்யுதாவ."

செய்கிறார்கள்தான். இழுவை வந்துவிடும். ஆனால் பிஎஸ்6 வண்டியில் கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் உட்கார்ந்து காவல் பார்க்கிறது. டப்பா காலி என்று கண்டுபிடித்து விளக்கைப் போடும். நிரந்தரமாக எரிகிற விளக்கை அப்புறம் யார் பார்ப்பார்கள்? அடுத்த கோளாறு வந்தால் அதே விளக்குதான் சொல்ல வேண்டும். சட்டப்படியும் தப்பு. சந்தைக்குள் வண்டியை நிறுத்தி எஞ்சின் ஓடவிட்டு பெட்டி இறக்குகிறவர்கள் மூச்சில் போகும் புகை அது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஓட்டை விஷயத்தைச் சொன்னேன். செப்டம்பர் ஜாப் கார்டை எடுத்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் வெட்டியெடுத்த வயர்த் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ இது நீங்க குத்தினதுல வந்ததாக்கும்?"

"ஓட்டை நான் போட்டது மக்கா. கண்ணடிக்கும்போது நிறுத்தாதது நீ."

"நிறுத்தச் சொல்லி யாரு சொன்னா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த விளக்கைப் பற்றி செப்டம்பரில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கன்வெர்ட்டர் விலையில் பாதி என் பங்கு, கூலி கிடையாது என்று முடிவானது. அவன் பேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கன்வெர்ட்டர் வந்துசேர பத்து நாளுக்கு மேல் ஆனது. அதற்குள் மேற்கிலும் தடை தொடங்கிவிட்டதால் அவனுக்கு அவசரமில்லை. மாட்டிய பிறகு 2,500 சுற்றில் அழுத்தம் 1.2 பிஎஸ்ஐ. அதே மேம்பாலத்தில் அதே மூட்டைகளோடு மூன்றாம் கியரில் 55. மூன்று நாள் ஓட்டவிட்டு ஸ்கேனரை மாட்டினேன், கன்வெர்ட்டர் சோதனையைக் கம்ப்யூட்டர் முடித்துத் தேர்ச்சி போட்டிருந்தது. கோடு ஒன்றுமில்லை.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அன்னாசி ஏற்றினான். ஆகஸ்டில் மறுபடி மீன். ஆயில் மாற்ற வந்தபோது கேபினுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், வயர்க் கட்டு காய்ந்து கிடந்தது, ஹோஸ் நுனியில் மட்டும் உப்பு. பழைய காயில் இன்னும் அதே கவரில் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. நல்ல காயில் அது, வைத்துக்கொள் என்றேன்.